தேசியப் பேரிடர் மேலாண்மை: உயிரைக் காக்கிறோம், வீட்டையும் தோப்பையும் ஏன் காக்க முடியவில்லை?

மேட்டுத்தெரு (இழையைத் தொடங்கியவர்):

1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடப்பதற்குள் சுமார் 10 லட்சம் மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. 2019 மே மாதத்தில் ஃபானி வந்தபோது வெளியேற்றப்பட்டவர்கள் 12 லட்சம் பேர், ஒடிசாவில் இறந்தவர்கள் 64 பேர். ஒரே கரை, ஏறத்தாழ அதே வலுவுள்ள காற்று, இருபது ஆண்டு இடைவெளியில் இவ்வளவு வேறுபாடு என்றால், அது இந்நாட்டு நிர்வாகத்தின் உண்மையான சாதனைகளுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் கேள்வி அதற்கு அடுத்த நாள் காலையைப் பற்றியது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் குடும்பம் பேராவூரணிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்தது. விடிந்ததும் எங்கள் தென்னந்தோப்புக்குப் போனோம். மரங்கள் வேரோடு சாய்ந்திருந்தால்கூட ஓரிடத்தில் கிடந்திருக்கும். பாதிக்கு மேல் இடுப்பளவில் முறுக்கி ஒடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பம்புசெட்டு எந்தத் திசையில் இருந்தது என்று தெரியாத அளவுக்கு வழியை அடைத்திருந்தன. மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தது. நெட்டை ரகத் தென்னங்கன்று நன்றாகக் காய்க்கத் தொடங்க ஆறேழு ஆண்டுகள் ஆகும்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், பிரதமர் தலைமையில் தேசிய ஆணையம், முதல்வர் தலைமையில் மாநில ஆணையம், ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையம், தனியாக ஒரு மீட்புப் படை ஆகிய அத்தனையும் இருந்தும், இழப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலை மட்டும் ஏன் பின்தங்கியே நிற்கிறது? சிக்கல் நிதியிலா, சட்டத்திலா, கிராமத்திலா? அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

கிராமக்கணக்கு:

வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் முன், "வெளியேற்றப்பட்டார்கள்" என்று நீங்கள் எழுதிய ஒற்றைச் சொல்லுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எச்சரிக்கை மாவட்டத்திலிருந்து வட்டாட்சியருக்கும், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், அவரிடமிருந்து எங்களுக்கும் வரும். நானும் தலையாரியும் குடிசை குடிசையாகப் போவோம். ஆண்கள் எளிதில் கிளம்பிவிடுவார்கள். ஆடு வைத்திருக்கும் பெண்கள் கிளம்ப மாட்டார்கள். "ஆட்டுக்கு எங்கே இடம்?" என்பது நியாயமான கேள்வி, அதற்கு எங்கள் சுற்றறிக்கைகளில் பதில் இருந்ததில்லை. ஒரு புயலின்போது பள்ளி மைதானத்தின் சுற்றுச்சுவரை ஒட்டித் தார்ப்பாய் கட்டி ஆடுகளுக்கு இடம் ஒதுக்கிய பிறகுதான் 40 குடும்பங்கள் நகர்ந்தன. வேறொரு முறை, புதிதாகக் கட்டிய பாதுகாப்பு மையத்தின் சாவி எவரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே இரவு பத்து மணி ஆயிற்று. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. கட்டடத்தைக் கட்ட நிதி வந்தது, அதைப் பராமரிக்க எந்தத் தலைப்பிலும் பணம் வரவில்லை.

ஒடிசாவில் வேறுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே புயல் பாதுகாப்பு மையங்களுக்கு உள்ளூர்க் குழுக்கள் அமைத்து, சாவி, தளவாடம், ஒத்திகை ஆகியவற்றை ஊராரின் பொறுப்பில் விட்டார்கள். நம் சட்டத்தில் மாவட்ட ஆணையத்தின் இணைத் தலைவராக உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இருக்க வேண்டும் என்று இருக்கிறது; கூட்டத்துக்கு அவர் வந்து போனதை நான் பார்த்திருக்கிறேன், முடிவெடுத்ததைப் பார்த்ததில்லை.

தராசு:

நிதியைப் பற்றி நான் எழுதுகிறேன், அது என் தொழிலுக்கு அருகில் உள்ளது.

15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாகப் பரிந்துரைத்த தொகை 1,60,153 கோடி ரூபாய். இதில் நான்கில் மூன்று பங்கை ஒன்றிய அரசு தருகிறது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90 விழுக்காடு. மொத்தத் தொகையில் 80 விழுக்காடு நிவாரணத்துக்கும் மீட்புக்கும் மறுகட்டமைப்புக்கும் ஆயத்தத்துக்கும் போகிறது, 20 விழுக்காடு தணிப்புக்கு, அதாவது இழப்பை முன்கூட்டியே குறைக்கும் வேலைக்கு. நண்பர்கள் பலர் இந்த 20ஐக் குறையாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு அது பூஜ்யமாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. தணிப்பு நிதியை உருவாக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் சட்டமே சொல்லியிருந்தும், வறட்சி தொடர்பான வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகும், தேசியத் தணிப்பு நிதி அமைக்கப்பட்டது 2021இல்தான்.

இன்னொரு மாற்றமும் நடந்தது, அதைக் குறித்து யாரும் பேசுவதில்லை. முன்பெல்லாம் ஒரு மாநிலத்துக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் அது கடந்த ஆண்டுகளில் எவ்வளவு செலவழித்தது என்பதை வைத்து முடிவாயிற்று. நன்றாகச் செலவழிக்கத் தெரிந்த மாநிலத்துக்கு அதிகம், இடர் அதிகமிருந்தும் செலவழிக்க இயலாத ஏழை மாநிலத்துக்குக் குறைவு. 15ஆவது நிதிக்குழு பரப்பளவு, மக்கள்தொகை ஆகியவற்றோடு இடர்க் குறியீடு ஒன்றையும் கணக்கில் சேர்த்தது. அக்குறியீட்டில் குறைகள் உண்டு, திசை சரியானது.

உங்கள் 1,100 ரூபாயைப் பற்றி: நிவாரண நிதியின் விதிமுறைகள் இழப்பீட்டுக்காக எழுதப்பட்டவை அல்ல, உடனடி உதவிக்காக எழுதப்பட்டவை. இந்த வேறுபாடு புரியாததால்தான் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சண்டை வருகிறது. 2023 டிசம்பரில் வடக்கிலும் தெற்கிலும் அடுத்தடுத்து வெள்ளம் வந்தபோது தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசு விடுவித்தது 276 கோடி. கர்நாடகம் வறட்சிக்காகக் கேட்டது 18,171 கோடி, கிடைத்தது 3,454 கோடி. இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. இத்தகைய இடைவெளியில் அரசியலும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மாநிலம் சாலையையும் பாலத்தையும் நிரந்தரமாகக் கட்டி எழுப்பும் செலவைக் கேட்கிறது, ஒன்றியம் தற்காலிகச் சீரமைப்புக்கான விகிதப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. இரண்டு தரப்பும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை எழுதுகின்றன.

புதியவன்:

அப்படியானால் "தேசியப் பேரிடராக அறிவிக்க வேண்டும்" என்று கட்சிகள் அனைத்தும் கேட்கின்றனவே, அறிவித்தால் கூடுதல் நிதி வராதா?

தராசு:

அப்படி ஒரு வகை சட்டத்தில் இல்லை. "தீவிரத் தன்மையுடைய பேரிடர்" என்று ஒன்றை ஒன்றியக் குழு வகைப்படுத்தலாம். 2024 ஜூலையில் நடந்த வயநாட்டு நிலச்சரிவை அவ்வாறு வகைப்படுத்த அந்த ஆண்டு டிசம்பர் வரை ஆயிற்று. அதுவும் தேசிய நிதியிலிருந்து கூடுதல் உதவி பெற வழி திறக்குமே தவிர, தொகையை உறுதி செய்யாது. இல்லாத ஒரு கதவைத் தட்டுவதில் இருபது ஆண்டுகளாகப் பெரும் ஆற்றலைச் செலவழித்திருக்கிறோம்.

இடையில் ஒன்று: நிதிக்குரிய பேரிடர்கள் பட்டியலில் புயல், வறட்சி, நிலநடுக்கம், வெள்ளம், ஆழிப்பேரலை முதலிய 12 மட்டுமே உள்ளன. வெப்ப அலையும் மின்னலும் அதில் இல்லை. மாநிலங்கள் தம் நிதியில் 10 விழுக்காடு வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவிடலாம் என்ற வழியைப் பயன்படுத்தித்தான் தமிழ்நாடு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கடலோரன்:

மேட்டுத்தெரு அவர்கள் எழுதிய முதல் பத்தியோடு நான் முழுமையாக உடன்பட இயலாது. உயிர் காக்கும் வேலையை நாம் முடித்துவிட்டோம் என்ற தொனி அதில் இருக்கிறது. 2017 நவம்பர் 30இல் வந்த ஒக்கி புயலை அந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் விசைப்படகுகள் சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவுக்கு அப்பாலும் போகும். ஒருமுறை இறங்கினால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஒக்கி புயலாக மாறியதாக அறிவிப்பு வந்த அன்று, அவர்கள் புறப்பட்டுப் பல நாட்கள் ஆகியிருந்தன. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதை யார் பார்ப்பது? படகிலிருந்த கருவி கரையிலிருந்து ஓரளவு தூரம் வரைதான் எட்டும். அதற்கு அப்பால் படகும் படகும் பேசிக்கொள்ளலாம், கரையோடு பேச முடியாது. நம் எச்சரிக்கை அமைப்பு முழுவதும், கடலில் இருந்து கரைக்கு வரும் ஆபத்தைக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்வதற்காக உருவானது. கடலிலேயே இருப்பவர்கள் அதன் வரைபடத்தில் இல்லை. அந்த டிசம்பர் முழுவதும் எங்கள் தேவாலய வளாகத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு படகின் பெயருக்கும் எதிரே எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று பங்கு இளைஞர்கள் ஒரு நோட்டில் எழுதி வைத்தார்கள். அதிகாரிகள் வந்து எண்ணிக்கை கேட்டபோது அந்த நோட்டைத்தான் வாங்கிப் படியெடுத்தார்கள்.

அதன்பின் மாற்றம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆழ்கடலுக்குச் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவியை 2019இல் அறிமுகப்படுத்தினார்கள். இப்போது படகுகளில் இரு வழியாகச் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களைப் பொருத்தி வருகிறார்கள். இன்னொரு சிக்கல் சட்டத்தில் இருக்கிறது. காணாமற்போனவர் இறந்ததாகக் கருதப்பட ஏழாண்டுகள் ஆக வேண்டும் என்பது பொதுவிதி. ஆழிப்பேரலைக்குப் பிறகும் ஒக்கிக்குப் பிறகும் அதைத் தளர்த்தினார்கள். ஒவ்வொரு முறையும் சிறப்பு ஆணைக்காகக் காத்திருக்காமல், சட்டத்திலேயே அதற்கு நிரந்தரமாக ஓர் இடம் இருந்தால் அந்தப் பெண்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்க மாட்டார்கள்.

மேட்டுத்தெரு:

கடலோரன் அவர்கள் சொல்வது சரி. கரையோர மக்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதிவிட்டேன்; திருத்தத்தை ஏற்கிறேன்.

மழைமானி:

நான் நீரியல் ஆய்வு மாணவி. எச்சரிக்கை என்ற சொல்லுக்குள் இருக்கும் ஓட்டை ஒன்றைச் சொல்கிறேன்.

வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது "அதி கனமழை". அதற்கு மேல் வகை கிடையாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே வகை, ஒரே சிவப்பு நிறம். மழையைச் சரியாகக் கணித்திருந்தாலும் அந்த நிறம் ஆட்சியருக்கு எதைச் சொல்லியிருக்கும்? தாமிரபரணியின் எந்தக் கலங்கல் வழியும், எந்தக் குளம் உடையும், எந்தச் சாலை துண்டிக்கப்படும் என்பதுதானே அவருக்குத் தேவை. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்ட ரயிலில் சுமார் 800 பயணிகள் சிக்கி, அவர்கள் அனைவரையும் மீட்க ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆயின. மழையின் அளவிலிருந்து அதன் விளைவுக்குப் போகும் கணிப்பே நம்மிடம் இல்லாத கண்ணி.

அணைகளிலும் இதே குறைதான். 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வெளியேறிய நீர் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடியை எட்டியது. முதல் நிகழ்வைப் பற்றி, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை மனிதத் தவறு என்றது, இரண்டாவதில் எச்சரிக்கை கொடுத்துத்தான் திறந்தோம் என்று அரசு சொன்னது. யார் சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அணையின் பொறியாளருக்கு மேலிருந்து எவ்வளவு நீர் வருகிறது என்பது ஆறு மணி நேரத்துக்கு முன்பே எண்ணாகக் கையில் இல்லாதவரை, அவர் நீரைத் தேக்கினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வோர் அணைக்கும் ஐந்தாண்டுகளுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாராக வேண்டும் என்கிறது. இவ்வளவு கன அடி திறந்தால் எந்தத் தெரு வரை நீர் வரும் என்ற வரைபடம் அதில் இருக்க வேண்டும். அந்த வரைபடத்தைக் கீழ்க்கரை ஊராட்சிகளின் சுவரில் ஒட்ட வேண்டும் என்பது என் கூடுதல் கோரிக்கை; கோப்புக்குள் இருக்கும் வரைபடத்தால் யாரும் மேட்டுக்கு ஏறியதில்லை.

தகவலை மறைக்கும் பழக்கமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட நகரம் மண்ணுக்குள் தாழ்ந்துகொண்டிருந்தபோது, ஆய்வு நிறுவனங்கள் ஊடகங்களிடம் பேசுவதைத் தவிர்க்க வேண்டும் என்று தேசிய ஆணையம் கேட்டுக்கொண்டது. பீதியைத் தடுக்க என்றார்கள். வீட்டுச் சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல் கண்டவருக்கு, நகரம் தாழ்வதைக் காட்டும் செயற்கைக்கோள் படத்தால் புதிதாக என்ன பீதி வரும்?

மலைச்சாரல்:

எல்லோரும் கரையையும் ஆற்றையும் பற்றி எழுதிவிட்டீர்கள், மலைக்கும் சிறிது இடம் தாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயங்கள்மீது, அதாவது அவர்களின் வரிசை வீடுகள்மீது, மலை சரிந்து 70 பேர் மாண்டார்கள்; ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள். எங்கள் தாய்வழி உறவினர்கள் அந்தப் பகுதித் தோட்டங்களில் மூன்று தலைமுறையாக வாழ்கிறார்கள். மின்சாரம் இல்லை, கைப்பேசிச் சேவை இல்லை, வழியில் பாலமும் போயிருந்தது. செய்தி வெளியே வந்தது மறுநாள் காலையில்தான். நாடெங்கும் கைப்பேசிகளை அலற வைத்து எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாட்டை 2023இல் சோதித்துப் பார்த்தார்கள், நல்ல ஏற்பாடு. கோபுரம் விழுந்த இடத்தில் அது ஊமை.

நிலச்சரிவு முன்னறிவிப்புக்கான தேசிய மையத்தை 2024 ஜூலையில் கொல்கத்தாவில் திறந்தார்கள். நீலகிரி, டார்ஜிலிங், காலிம்போங் பகுதிகளுக்கு அறிக்கை தரத் தொடங்கினார்கள். அதே மாதம் 30ஆம் தேதி அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் போயின. ஒரே மலைத்தொடரில், நீலகிரிக்குப் பக்கத்து மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

லயம் எந்த இடத்தில் கட்டப்பட்டது என்பதைத் தொழிலாளி முடிவு செய்யவில்லை. நூறாண்டுகளுக்கு முன் தோட்ட நிர்வாகம் நீரோடைக்கு அருகே, தனக்கு வசதியான சரிவில் வரிசையாகக் கட்டியது. நிலம் தொழிலாளியின் பெயரில் இல்லாததால் அவர் இடம் மாறவும் முடியாது, வீட்டை வலுப்படுத்தவும் முடியாது. தணிப்பு நிதி என்று தராசு அவர்கள் சொல்லும் அந்த 20 விழுக்காடு, நிலவுரிமை இல்லாதவரிடம் எந்த வழியாகப் போய்ச் சேரும் என்பதை அறிய விரும்புகிறேன்.

தராசு:

நேர்மையாகச் சொன்னால், இப்போதுள்ள விதிமுறைகளில் அதற்கு நல்ல வழி இல்லை. தணிப்புத் திட்டம் என்றால் துறைகள் தடுப்புச் சுவர், வாய்க்கால், கரை என்றே எழுதி அனுப்புகின்றன, ஏனென்றால் அவற்றுக்கு மதிப்பீடு போடவும் ஒப்பந்தம் விடவும் தெரியும். மக்களை ஆபத்தான இடத்திலிருந்து முன்கூட்டியே, அவர்களின் ஒப்புதலோடு, வேலைக்கு அருகிலேயே குடியமர்த்துவது நான்கு துறைகளின் வேலை. நான்கு துறைகளின் வேலை யாருடைய வேலையும் இல்லை.

புதியவன்:

அதனால்தான் பேரிடருக்கென்று தனி அமைச்சகம் வேண்டும் என்கிறேன்.

கிராமக்கணக்கு:

தம்பி, வருத்தப்பட வேண்டாம், இந்த யோசனையை நான் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் கேட்டிருக்கிறேன். குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்தப் பொறுப்பை வேளாண் அமைச்சகத்திலிருந்து உள்துறைக்கு மாற்றினார்கள். சட்டம் வந்தது 2005இல், அச்சட்டம் கேட்ட தேசியத் திட்டம் வெளியானது 2016இல். ஆணையம் தொடங்கிய பெரிய திட்டங்களில் எதுவும் முழுமை பெறவில்லை என்று 2013இல் தணிக்கை அறிக்கை எழுதியது. 2025இல் சட்டத்தைத் திருத்தி, தலைநகரங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறார்கள். சென்னை போன்ற நகரங்களுக்கு அது பயன்படலாம். அதே திருத்தத்தில், பாதிக்கப்பட்டவர்களுக்குக் கடன் நிவாரணம் பரிந்துரைக்க அதிகாரம் தந்திருந்த 13ஆவது பிரிவை நீக்கியும் விட்டார்கள். மேட்டுத்தெரு போன்ற தோப்புக்காரருக்குப் புதிய ஆணையத்தைவிட அந்தப் பழைய பிரிவுதான் பயன்பட்டிருக்கும்.

மேட்டுத்தெரு:

காப்பீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. நாகாலாந்து அரசு, மழை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினாலே இழப்பைக் கணக்கெடுக்காமல் தொகை கிடைக்கும் வகையில் மாநிலத்துக்கே காப்பீடு எடுத்ததாகப் படித்தேன். எங்கள் ஊரில் மரங்களை எண்ணிக் கணக்கெடுத்து முடிப்பதற்குள்ளேயே மாதங்கள் ஓடின.

தராசு:

வேகமாகப் பணம் வரும் என்பது அதன் பலம். மழையை அளக்கும் கருவி நிற்கும் இடத்தில் மழை குறைவாகவும் உங்கள் தோப்பில் அதிகமாகவும் பெய்தால் ஒரு ரூபாயும் வராது என்பது பலவீனம். அளவீட்டுக் கருவிகள் அடர்த்தியாக இல்லாத நாட்டில் இதை நிவாரணத்துக்கு மாற்றாக நினைப்பது ஆபத்து. அரசின் கைக்கு முதல் வாரச் செலவுக்குப் பணம் வருவதற்கு நல்ல வழி. தனி விவசாயிக்கு இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மழைமானி:

கருவிகளின் அடர்த்தி என்று தராசு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வயநாட்டில் ஒரு தன்னார்வ ஆய்வு மையம் விவசாயிகளின் தோட்டங்களில் மழைமானிகளை வைத்து, நாள்தோறும் அளவைத் தொகுத்து வருகிறது. அம்மாவட்டத்தில் எந்த மலைச்சரிவில் எவ்வளவு பெய்தது என்பது அவர்களுக்குத் தெரியும். ஒரு மழைமானியின் விலை சில நூறு ரூபாய். தணிப்பு நிதிக்குத் திட்டம் எழுதத் தெரியவில்லை என்று சொல்லும் மாவட்டங்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

மேட்டுத்தெரு:

அனைவருக்கும் நன்றி. எங்கள் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைத் தரவிறக்கம் செய்திருக்கிறேன், நூற்றுக்கணக்கான பக்கங்கள். வரும் கிராம சபையில் அதை வைத்துக் கேள்வி கேட்கலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கிராமக்கணக்கு:

முன்னுரையையும் வரைபடங்களையும் விட்டுவிடுங்கள், ஐயா. பின்னிணைப்பில் தொலைபேசி எண்களின் பட்டியல் இருக்கும். உங்கள் ஊருக்குரிய பக்கத்தை எடுத்து, ஒவ்வோர் எண்ணையும் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். ஜேசிபி வைத்திருப்பவர், மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருப்பவர், மையத்தின் சாவி வைத்திருப்பவர் ஆகிய மூவரையும் முதலில். நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கடந்த ஐப்பசியில் நள்ளிரவு ஒருவர் அழைத்து, ஏரிக்கரை கசிகிறது, மணல் மூட்டை எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்டார்.

மேட்டுத்தெரு:

நேற்று மாலை அழைத்துப் பார்த்தேன். 14 எண்களில் 6 பேர் எடுத்தார்கள். மரம் அறுப்பவர் இருக்கிறார். ஜேசிபிக்காரர் வண்டியை விற்றுவிட்டாராம். சாவி வைத்திருப்பவரின் எண்ணில் பேசியவர் திருப்பூரில் வேலை செய்கிறார்.